பழைய வீடு வாங்கும்போது கூரைச் செலவைக் கணக்கில் சேர்ப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீடு வாங்குபவர்கள் பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறார்கள். வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். போர் தண்ணீரை வாயில் வைத்துக்கூடப் பார்க்கிறார்கள். மொட்டைமாடிக்கு ஏறினால் மட்டும், அக்கம்பக்கம் எப்படி என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கட்டடத்திலேயே அதிகமாகச் செலவு வைக்கக்கூடிய பகுதி அந்த நேரம் அவர்கள் காலுக்கு அடியில்தான் இருக்கிறது. கட்டடங்களைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருப்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டின் தனி வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. அடுக்குமாடி வீடுகளுக்கும் தனியாகப் பதில் இருக்கிறது.

கூரையைப் பற்றி வாங்கிய பிறகு யோசித்தால் போதாதா?

போதாது. நம் ஊரில் பழைய வீட்டு விலை என்பது மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று இரண்டு தொகைகளின் கூட்டல்தான். புரோக்கர் மொத்தமாக ஒரு விலை சொல்வார். நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து அதைக் கழித்தால், மிச்சம் இருப்பது கட்டடத்துக்காக உங்களிடம் கேட்கும் பணம். கூரை கெட்டிருந்தால் அந்தப் பணத்தில்தான் கை வைக்க வேண்டும். கூரை முழுவதுமாகவே போய்விட்டது என்றால் கட்டடத்துக்கு விலையே இல்லை, மனைக்கு மட்டும்தான் விலை.

அட்வான்ஸ் கொடுக்கும்வரை பேரம் உங்கள் கையில் இருக்கிறது. கொடுத்த பிறகு அது விற்பவர் கைக்குப் போய்விடும். அதனால் கூரை விஷயம் அட்வான்ஸுக்கு முன்னால் முடிய வேண்டும்.

குறையை மறைத்து விற்றால் சட்டம் கேட்காதா?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55, விற்பவருக்கு ஒரு கடமையைச் சொல்கிறது. சொத்தில் இருக்கும் முக்கியமான குறை அவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்து, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் வாங்குபவர் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், அதை அவர் சொல்லியாக வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். அண்ணாந்து பார்த்தாலே தெரியும் விரிசலையும் கசிவையும் நீங்கள் பார்க்காமல் விட்டால், அது உங்கள் பொறுப்பாகிவிடும். வழக்குப் போட்டுப் பணம் வாங்கலாம் என்று நம்பி வீடு வாங்காதீர்கள்.

நானே பார்த்து எதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம்?

நிறையவே தெரிந்துகொள்ளலாம். கான்கிரீட் கூரை என்றால் முதலில் கீழே இருந்து தொடங்குங்கள். ஒரு டார்ச், ஒரு சின்னச் சுத்தியல், ஏறிப் பார்க்க ஒரு ஸ்டூல் போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் சீலிங்கை உரசுகிற மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள். பூச்சு உப்பியிருந்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். உப்பின இடத்தில் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். கம்பி துருப்பிடித்துப் பிளந்த இடம் உள்ளே கூடாக இருப்பதுபோல் சத்தம் கொடுக்கும். இரண்டு மூன்று இடத்தில் தட்டிவிட்டால் வித்தியாசம் காதுக்குப் பழகிவிடும்.

ஈரக்கறை வட்டமாக இருந்தால் மேலே எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். ஆனால் நேர்கோடாக, ஏறக்குறைய அரை அடி, முக்கால் அடி இடைவெளியில் பழுப்பு நிறக் கோடுகளோ விரிசல்களோ ஓடினால், அவை கான்கிரீட்டுக்குள் கம்பி ஓடும் கோடுகள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் அடியில் இருக்கும் கான்கிரீட் தகடு தகடாகக் கழன்று விழுகிறது. முதல் வகை கசிவு, செலவு குறைவு. இரண்டாவது கம்பியின் சேதம். பணம் பிடிப்பது அதுதான்.

குளியலறைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே, லாஃப்ட்டின் அடிப்பக்கம், ஃபேன் கொக்கி இருக்கும் இடம், இவற்றைக் கட்டாயம் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருக்கிறதா? ஒரு லைட்டைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மேலே பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். ஒரே ஓர் அறைக்கு மட்டும் சீலிங் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பால்கனி, சன்ஷேடு இரண்டையும் கீழே இருந்து பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபுக்கு, அதாவது கான்கிரீட் தகட்டுக்கு, முக்கியக் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும். அது துருப்பிடித்தால் அடிப்பக்கம் சுத்தமாகவே தெரியும். மேலே, சுவரை ஒட்டி ஓடும் விரிசல்தான் அடையாளம்.

அப்புறம் மாடி. வாட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் போதும். மழைநீர்க் குழாயின் வாய்க்குப் போகிறதா, நடுவில் தேங்குகிறதா என்று தெரிந்துவிடும். தட்டு ஓடுகளின் இடுக்கில் பாசி, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல், சுவரில் முளைத்த அரசங்கன்று, இவை மூன்றும் தண்ணீர் உள்ளே போகும் வழிகள்.

எந்த மாதத்தில் பார்ப்பது நல்லது?

வடகிழக்குப் பருவமழைக் காலம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை விட்ட மறுநாள் போனால் கூரை தானாகவே உண்மையைச் சொல்லிவிடும். கோடையில் வாங்குகிறீர்கள் என்றால், மழைநீர்க் குழாய்களை அடைத்து மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்துக் கீழே சீலிங்கைப் பார்க்கச் சம்மதம் கேட்கலாம். ஸ்லாப் ஏற்கெனவே பலவீனமாகத் தெரிந்தால் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

"போன வருஷம்தான் வாட்டர்ப்ரூஃபிங் செய்தோம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

எதற்காகச் செய்தார் என்பதுதான் கேள்வி. மேலே அடிக்கும் பூச்சு இனிமேல் இறங்கும் தண்ணீரைத் தடுக்கும். ஏற்கெனவே துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்யாது. பில்லும் வாரன்டி அட்டையும் கேளுங்கள். வாரன்டி புது உரிமையாளருக்கு மாறுமா என்று அந்த நிறுவனத்திடமே போன் போட்டுக் கேளுங்கள். பல வாரன்டிகள் பூச்சுக்குத்தான், ஸ்லாபுக்கு இல்லை.

ஒழுகினால் மேலே இன்னொரு தளம் போட்டுக்கொண்டால் போயிற்று என்கிறார் மேஸ்திரி.

தயவுசெய்து வேண்டாம். பல வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். 1985-ல் போட்ட செங்கல் ஜல்லித் தளம், அதன்மேல் தட்டு ஓடு, ஒழுகியதும் அதன்மேல் இன்னொரு தளம், பிறகு வெயிலுக்காகக் கூலிங் டைல்.

கணக்குப் பாருங்கள். ஆட்கள் ஏறும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணய விதி ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். அதாவது சுமார் 150 கிலோ. புதிதாக நான்கு அங்குலம் ஜல்லித் தளம் போட்டால் சதுர மீட்டருக்கு ஏறுவது சுமார் 180 கிலோ. ஒரு மனுஷன்கூட மாடியில் ஏறாத நேரத்திலும், கூரை தாங்க வேண்டிய சுமை முழுவதையும் அந்தத் தளமே தின்றுவிடுகிறது. உள்ளே கம்பியோ ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது.

மாடிப்படியின் கடைசிப் படி மற்றப் படிகளைவிட உயரம் அதிகமாக இருந்தால், மாடிக் கதவின் நிலை தரையில் புதைந்த மாதிரி இருந்தால், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரமே நின்றால், தளத்தின்மேல் தளம் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். அந்த வீட்டில் பழைய அடுக்குகளை உடைத்து இறக்கும் செலவும் உங்கள் கணக்கில் ஏற வேண்டும்.

இன்ஜினீயரைக் கூப்பிட்டால் என்ன செய்வார்? யாரைக் கூப்பிடுவது?

கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவருக்குப் பூச்சு விற்கும் வேலையோ ஒப்பந்த வேலையோ இருக்கக் கூடாது. வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகள் செய்யும் இலவச ஆய்வில் பரிந்துரை என்னவாக இருக்கும் என்பது போவதற்கு முன்பே தெரிந்த விஷயம். வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளரை நம்பியும் இருக்காதீர்கள். கொடுத்த கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

பொறியாளர் ரீபவுண்ட் ஹேமர் என்ற சுத்தியல் போன்ற சோதனைக் கருவியால் பல இடங்களில் தட்டிப் பார்ப்பார். அது மேற்பரப்பின் கெட்டித்தன்மையைத்தான் காட்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு எளிய சோதனை. ஸ்லாபின் அடியில் ஒரு சின்ன இடத்தைக் கம்பிவரை கொத்தி, உடைத்த பரப்பில் பீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரத்தன்மை இருக்கும் கான்கிரீட் பளிச்சென்று ரோஸ் நிறத்துக்கு மாறும். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு ஊடுருவிக் காரம் போன பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுவது அந்தக் காரம்தான். நிறம் மாறாத அடுக்கு கம்பியைத் தொட்டுவிட்டால், இன்று துரு இல்லாவிட்டாலும் நாளை வரும். கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதும் அந்தக் கொத்தலிலேயே தெரிந்துவிடும். இன்றைய விதிப்படி ஸ்லாபுக்குக் குறைந்தபட்சமே 20 மில்லிமீட்டர், கடலோரத்தில் அதைவிட அதிகம் வேண்டும். பழைய வீடுகளில் சென்ட்ரிங் பலகைமேலேயே கம்பியைக் கிடத்திக் கான்கிரீட் போட்டதைப் பார்க்கலாம்.

கடலோர ஊர்களில் இன்னொன்றும் கேட்க வேண்டும்: கட்டும்போது எந்தத் தண்ணீர்? உவர் தண்ணீரில் கலந்த கான்கிரீட்டில் குளோரைடு உள்ளேயே இருக்கிறது. அங்கே மேலே எவ்வளவு பூச்சு அடித்தாலும் துரு நிற்காது. குளோரைடு அளவை ஆய்வகத்தில் பார்த்துவிடலாம்.

இதற்கெல்லாம் ஆகும் கட்டணம், பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சின்னது. வீடு கைக்கு வராமல் போனாலும் அந்தப் பணம் வீண் இல்லை.

பழுது பார்த்தால் போதுமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

கம்பிதான் முடிவு செய்யும். 8 மில்லிமீட்டர் கம்பி துருப்பிடித்து 6 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் கால்வாசிதான் போயிருக்கிறது என்று தோன்றும். குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் 44 சதவீதம் போய்விட்டது. வலுவும் அதே அளவு போய்விட்டது. இப்படி ஓர் அறையின் மூலையில் மட்டும் இருந்தால் சரிசெய்யலாம்: முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால்வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையோ மைக்ரோ கான்கிரீட்டோ வைத்து அடைப்பார்கள். மேலே தண்ணீர் வரும் வழியை முதலில் அடைத்திருக்க வேண்டும். வெறும் சிமென்ட் பூச்சு பூசி மூடினால் இரண்டு மழைக்கு மேல் தாங்காது.

எல்லா அறையிலும் இதே நிலை என்றால், பழுது பார்க்கும் செலவும் மாற்றும் செலவும் நெருங்கிவிடும். முழுதாக மாற்றுவது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். 1,000 சதுர அடியில் ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட், எடை 30 டன்னுக்குப் பக்கம். மேலே இருக்கும் ஜல்லித் தளத்தையும் சேர்த்தால் 45 டன். அவ்வளவையும் கையால் உடைத்து இறக்கி, லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். உங்கள் தெருவுக்குள் லாரி வருமா? ஸ்லாபுக்குள் ஓடும் மின்சாரக் குழாய்களும் ஃபேன் பெட்டிகளும் அதோடு போய்விடும், வயரிங் புதிது. கைப்பிடிச் சுவர், தொட்டி, பிளம்பிங் எல்லாம் புதிது. சுவர்கள் உடைக்கும் அதிர்ச்சியைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இதனால்தான் ஸ்லாப் முழுவதும் போன வீட்டை, இடித்துக் கட்ட வேண்டிய வீடாகவே எண்ணி விலை பேசுங்கள் என்கிறேன்.

சரி, செலவை எப்படிக் கணக்கிடுவது? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

திருச்சியில் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் 1990-ல் கட்டிய 1,000 சதுர அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். எல்லா விலையும் கணக்குக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்கும் விலை 60 லட்சம். பக்கத்தில் காலி மனை சதுர அடி 4,000 ரூபாய். மனைக்கு 48 லட்சம் போனால் கட்டடத்துக்கு 12 லட்சம். ஹாலிலும் ஒரு படுக்கையறையிலும் கம்பி சேதம், மற்ற இடம் நன்றாக இருக்கிறது என்கிறார் பொறியாளர். அவர் கொடுத்த வேலைப் பட்டியலை வைத்து மூன்று பேரிடம் விலை கேட்டதில், கம்பி, கான்கிரீட் வேலைக்கு 3 லட்சம். மேல்தளத்தை எடுத்துவிட்டு வாட்டத்தோடு புதிதாகப் போட 1.5 லட்சம். தொட்டி, வயரிங், பெயின்ட் 60,000. இது 5.1 லட்சம். பழைய கட்டடத்தில் உடைக்க உடைக்கத்தான் சேதம் தெரியும், அதற்காக இருபது சதவீதம், ஏறக்குறைய ஒரு லட்சம். வேலை நடக்கும் மூன்று மாதம் குடியிருக்க முடியாது, இப்போது இருக்கும் வாடகை வீட்டுக்கு 36,000. ஆக மொத்தம் ஆறரை லட்சம்.

உங்கள் விலை 53.5 லட்சம். விற்பவரிடம் "கூரை சரியில்லை, குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் ஐம்பதாயிரம் குறைப்பார். பொறியாளர் அறிக்கையையும் மூன்று விலைப் பட்டியலையும் மேஜைமேல் வைத்தால் பேச்சே வேறு மாதிரிப் போகும். அவருக்கும் தெரியும், அடுத்து வருபவரும் இதையே பார்ப்பார் என்று.

விலைப் பட்டியல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலர் சதுர அடிக்குச் சொல்வார்கள், சிலர் சதுரக் கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுரம் 100 சதுர அடி. சாரம், முட்டு, குப்பை அள்ளுவது யார் செலவு என்று எழுதியே வாங்குங்கள்.

விலை குறைந்துவிட்டால் கூரைப் பிரச்சினை தீர்ந்ததுதானே?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடன் வாங்கி வீடு வாங்கினால், குறைந்த விலையின் பெரும்பகுதி உங்கள் கைக்கு வராது, கடன்தான் குறையும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரையான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

மேலே சொன்ன வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 லட்சத்துக்கு உங்கள் கைக்காசு 12 லட்சம். 53.5 லட்சத்துக்கு 10.7 லட்சம். ஆறரை லட்சம் குறைத்துப் பேசியும் கையில் மிஞ்சியது 1.3 லட்சம்தான். ஆனால் கூரை வேலைக்கு முதல் மாதமே முழுத் தொகையும் வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 4.8 லட்சம். ஆக, கையில் 22 லட்சம் இல்லாமல் இந்த வீட்டில் இறங்கக் கூடாது.

அவ்வளவு இல்லை என்றால் கடன் கேட்கும்போதே வங்கியிடம் வீடு புதுப்பிப்புக் கடன் பற்றியும் சேர்த்துப் பேசுங்கள். பதிவு முடிந்து நகையை அடகு வைத்துக் கூரை போடுபவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. அதைத் தவிர்க்கவே இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதினேன்.

விலை அரசு வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போய்விட்டால்?

முத்திரைத்தாள் எப்படியும் வழிகாட்டி மதிப்பை வைத்துத்தான் கேட்பார்கள். வருமான வரியிலும் சிக்கல் உண்டு. பத்திர விலையைவிட அரசு மதிப்பு 10 சதவீதத்துக்கும் 50,000 ரூபாய்க்கும் மேல் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசத்தை வாங்குபவரின் வருமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். விற்பவருக்கும் அரசு மதிப்பை வைத்தே மூலதன ஆதாயம் கணக்கிடுவார்கள். கூரையைக் காட்டி நிறையக் குறைத்திருந்தால் பதிவுக்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பொறியாளர் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

விற்பவரே சரிசெய்து கொடுத்துவிடுகிறேன் என்கிறார்.

நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டை விட்டுப் போகிறவர் குறைந்த செலவில் சீக்கிரம் முடியும் வேலையைத்தான் செய்வார், அது இயல்பு. கொத்தாமல் பூசி, வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டால் பிறகு பொறியாளராலும் எதையும் பார்க்க முடியாது. விலையைக் குறைக்கச் சொல்லி, வேலையை நீங்கள் செய்யுங்கள்.

ஓட்டு வீடு வாங்குகிறேன். என்ன பார்க்க வேண்டும்?

ஓட்டைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள். மங்களூரில் 1865-ல் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, உடையாமல் இருந்தால் தலைமுறைகள் தாண்டும். கழற்றிக் கழுவி மறுபடியும் அடுக்கலாம். உடைந்ததற்கு மட்டும் மாற்று வாங்கினால் போதும். 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 ஓடு பிடிக்கும்.

செலவு இருப்பது உத்திரம், சரிவாக இறங்கும் கைமரம், அதன்மேல் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை இவற்றில். எதிர்ச் சாரியில் நின்று முகட்டைப் பாருங்கள். நேர்கோடாக இல்லாமல் நடுவில் தொய்ந்திருந்தால் மரம் இறங்கிவிட்டது. உள்ளே, கைமரம் சுவரில் உட்காரும் முனைகளில் கரையான் மண் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மெத்தென்று இறங்கக் கூடாது. மரம் போயிருந்தால் பலர் இப்போது இரும்புச் சதுரக் குழாயில் சட்டம் அடித்து அதே ஓட்டை மேலே போட்டுக்கொள்கிறார்கள். செலவு கட்டுக்குள் இருக்கும்.

ஓட்டை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்ற நினைப்பில் வாங்குபவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோ சுமார். ஐந்து அங்குல ஸ்லாப் 300 கிலோவுக்கு மேல், தளம் தனி. மண் சாந்தில் கட்டிய சுவர் அந்தப் பாரத்துக்காகக் கட்டியதில்லை. சுவரும் அஸ்திவாரமும் புதிதாக வேண்டும் என்றால் நீங்கள் வாங்குவது மனைதான், அதற்கான விலையைக் கொடுங்கள்.

சென்னையில் மெட்ராஸ் டெரஸ் வீடு. அது ஆபத்தா?

வயதானது என்பதற்காக ஆபத்து என்று சொல்ல மாட்டேன். தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் சரிவாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லித் தளமும் தட்டு ஓடும் போட்ட கூரை அது. உள்ளே கம்பி இல்லாததால் துருவும் இல்லை. கெட்டுப்போவது மரத்தின் முனை: சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, ஓதம் ஏறி உளுத்துவிடும். நடுவில் தட்டிப் பார்த்தால் உருக்கு மாதிரி இருக்கும், முனையோ மாவாக இருக்கும். ஒவ்வோர் உத்திரத்தின் இரண்டு முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். சில உத்திரங்களை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், அதனால் கூலி அதிகம், நாளும் அதிகம். அதைக் கணக்கில் வையுங்கள்.

கூரையை இறக்கியே ஆக வேண்டும் என்றாலும் பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இடிக்கும் ஒப்பந்தக்காரர் "இலவசமாக இடித்துத் தருகிறேன்" என்று சொன்னால், மரத்தின் கன அடியை அளந்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சிமென்ட் ஷீட் போட்ட பகுதி இருக்கிறது.

பழைய சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்வரை தொந்தரவு குறைவு. உடைத்தாலோ அறுத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்க வேண்டும். கடலோர மாவட்டங்களில் ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகளையும் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் ஓடும் ஷீட்டும் பறந்ததை மறக்க முடியாது.

அடுக்குமாடியில் மேல்மாடி ஃபிளாட். கூரை யார் பொறுப்பு?

மொட்டைமாடி பொதுவானது என்றால் செலவும் பொதுவானது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் பொது மொட்டைமாடியைப் பொதுப் பகுதி என்றுதான் சொல்கிறது. நடைமுறையில் ஒழுகுவது மேல்மாடிக்காரர் வீட்டில், பணம் தர வேண்டியது எல்லாரும். கீழ்வீட்டுக்காரர்கள் அசைய மாட்டார்கள். வாங்குவதற்கு முன் சங்கத்தின் கடைசி சில கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். "மாடி கசிவு – அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்று திரும்பத் திரும்ப இருந்தால் நிலைமை புரிந்துவிடும். பொது நிதியில் எவ்வளவு இருக்கிறது, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.

புது வீடு. கட்டிக் கொடுத்து இரண்டு வருடத்தில் கூரை ஒழுகுகிறது.

மேலே சொன்ன அதே 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு 14, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ தெரியவரும் குறையை, சொன்ன 30 நாளில் கட்டணம் இல்லாமல் சரிசெய்ய வேண்டும் என்று கட்டுநரைக் கட்டாயப்படுத்துகிறது. எழுத்தில் புகார் கொடுங்கள், தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

புயல், வெள்ளம், தீ போன்றவற்றால் வந்த சேதத்துக்குக் கொடுக்கும். வயதானதால் வந்த தேய்மானத்துக்கும் மெதுவான கசிவுக்கும் கொடுக்காது.

"இன்னொரு பார்ட்டி ரெடியாக இருக்கிறார், இன்றைக்கே அட்வான்ஸ் கொடுங்கள்" என்கிறார் புரோக்கர்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சின்னத் தொகையாகக் கொடுத்து, கிரய ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: வாங்குபவர் தன் செலவில் பதினைந்து நாளுக்குள் பொறியாளரை வைத்துக் கூரையைச் சோதிக்கலாம், அதற்காக இரண்டு இடத்தில் பூச்சைக் கொத்தவும் அனுமதி உண்டு, கொத்திய இடத்தை வாங்குபவர் அடைத்துத் தருவார், கம்பி சேதம் என்று எழுத்தில் அறிக்கை வந்தால் விலையை மறுபடியும் பேசலாம், ஒத்துவராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வரும். வாசகத்தை உங்கள் வக்கீல் எழுதட்டும். நல்ல கூரை வைத்திருக்கும் விற்பவர்கள் இந்தப் பத்திக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.